எங்கள் தெருவில் மூன்று முருகன்

ஜனவரி 6, திங்கள்
பெங்களூர் கம்பெனியிலிருந்து மெயில் வந்துவிட்டது. 27ஆம் தேதி ஆன்லைனில் நேர்காணல். படிப்பு முடித்து இரண்டு ஆண்டு தாண்டியவர்களை அவர்கள் எடுப்பதில்லை. எனக்கு ஏப்ரலில் தாண்டுகிறது. ஆக, இதுவே முதலும் கடைசியும்.

ஜனவரி 12
அங்கேயே வேலை பார்க்கும் கல்லூரித் தோழி சோபனா போனில் ஒத்திகை வைத்தாள். "புரோகிராம் சரிதான்டி. ஆனா நீ வாயே தொறக்கல. கேள்விய வேணும்னேதான் அரைகுறையா குடுப்பாங்க. மீதிய நீதான் கேட்டு வாங்கணும்."

பதினாறு ஆண்டுகள் வகுப்பில் வாய் திறக்காமல் இருந்ததற்கு எனக்கு நன்னடத்தைச் சான்றிதழ் தந்திருக்கிறார்கள். லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறேன்.

ஜனவரி 18
வீட்டில் பயிற்சி. ஆட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொன்னாள் அம்மா. எத்தனை ஆட்டுக்கு, ஒன்று குடிக்காவிட்டால் என்ன செய்வது என்று முறைப்படி கேட்டேன்.

"இருக்கறதே ரெண்டு. உனுக்கு என்னாடி ஆச்சு?"

பக்கத்து வீட்டு ராமக்காள் மந்திரித்த கயிறு கொண்டுவந்து கட்டினார். "படிச்ச புள்ளைங்களுக்குத்தான் இது சீக்கிரம் புடிக்குதுங்க."

ஜனவரி 26
நெட் நன்றாக வருகிறது. வேறு பயமில்லை என்று எழுதிப் பார்க்கிறேன்.

ஜனவரி 27
திரையில் நரைத்த தலை. அப்பா வயது. ஊழியர் பெயரைக் கொடுத்தால் அவருடைய எண்ணைத் தரும் புரோகிராம் எழுதச் சொன்னார்.

ஒரே பெயரில் இருவர் இருந்தால்? அதைத்தான் கேட்க வேண்டும். எனக்கா தெரியாது? எங்கள் தெருவிலேயே மூன்று முருகன் — கடை முருகன், கரண்ட் முருகன், வெறும் முருகன்.

"புரிந்ததா?" என்றார்.

"எஸ் சார்."

வகுப்பில் போல எழுந்து நிற்கவில்லை, அவ்வளவுதான்.

முடிவில் அவரே கேட்டார், ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் என்ன ஆகும் என்று. பிறகு, தன்னிடம் நான் கேட்க ஏதாவது உண்டா என்றார்.

"நோ சார். தேங்க் யூ சார்."

திரை அணைந்ததும் என்னையே கேட்டுக்கொண்டேன்: ஏன்டி கலைமணி, வாயில என்ன கொழுக்கட்டையா?

பிப்ரவரி 4
வருந்துகிறார்களாம். இந்த மெயிலுக்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்பது கடைசி வரி. அதில் நான் தேர்ந்தவள்.

ஜூன் 16
அரூரில் ஒரு தனியார் பள்ளியில் கணினி ஆசிரியை. சேரும்போது சான்றிதழ் கேட்டார்கள். நன்னடத்தை முதல்முறையாக உதவியது.

இன்று முதல் வகுப்பு. நடுவில் ஒரு கை உயர்ந்தது. "மிஸ், ஒரு டவுட்டு."

'பாடம் முடியட்டும், உக்காரு' — நாக்கு வரை வந்துவிட்டது.

"கேளும்மா."

கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. அதையும் சொன்னேன்.