குடும்ப மருத்துவரைக் கேட்கவும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவின் முட்டிவலியைத் தவிர இங்கே எல்லாரும் நலம். குழந்தைக்குச் சளி விட்டதா? போனில் பேசலாமே என்பாய். உன் ஆஸ்பத்திரிக்குப் போட்டால் பாட்டுதான் கேட்கிறது.

என் கிளினிக்குக்கு எதிர்வீட்டு பஸ் டிரைவரை உன்னிடம் அனுப்பியிருந்தேன். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து அதிக நாளாகவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று மலப் பரிசோதனைக்கே முரண்டு பிடித்தவர். கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தேன். ரத்தம் இருப்பதாக வந்தது. குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தால்தான் வெறும் மூலமா, புற்றுநோயா என்று தெரியும்.

உன் ஆட்கள் தேதி கொடுத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க அவர் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தலாமா என்பதற்கு மட்டும் "குடும்ப மருத்துவரைக் கேட்கவும்" என்று எழுதியிருந்தார்கள். அந்தக் குடும்ப மருத்துவர் நான்தானப்பா! உன்னைக் கேட்டு எழுதினேன். பதிலே இல்லை. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் யார் பொறுப்பு? நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மனிதர் பட்டினி கிடந்து, பேதி மருந்தைக் குடித்து, கழிவறையே கதியென்று கிடந்து உன்னிடம் வந்தார். வழியில் இரண்டு முறை பஸ்ஸை நிறுத்தச் சொன்னாராம். இத்தனை வருஷம் பயணிகளை அதற்காகத் திட்டியவர்! உன் நர்ஸ் மாத்திரையைப் பற்றிக் கேட்டுவிட்டு, நிறுத்தாமல் வந்தால் உள்ளே சதை எடுக்கும்போது ரத்தம் நிற்காது என்று அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாள்.

எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. புற்றுநோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது பற்றி மேடை மேடையாகப் பேசுகிறாய், அக்காவுக்கு ஒரு வரி எழுத நேரமில்லை. நாம் இருவரும் சேர்ந்து ஒரு மனிதரைப் பந்தாடியிருக்கிறோம்.

வேறு தேதி வாங்கித் தருகிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, "நீங்க ரெண்டு பேரும் மொதல்ல பேசி முடிங்க டாக்டர். அப்புறம் என் வயித்தப் பாத்துக்கலாம்" என்றார். அதன்பின் என் பக்கமே வருவதில்லை. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லையென்று பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருக்கிறார் என்று அவர் மனைவி சொன்னார்.

வியாழக்கிழமை மதியம் அவரை எப்படியாவது பிடித்து என் எதிரில் உட்கார வைக்கிறேன். நீ என் போனுக்குக் கூப்பிடு. ஸ்பீக்கரில் போடுகிறேன். மாத்திரையை எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்று நாம் பேசுவதை அவர் காதால் கேட்கட்டும். இடையில் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், தம்பி. வியாழக்கிழமை நீ கூப்பிடும்வரை அவர் என் முகத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

உன் நலம் கோரும்
அக்கா