உன் மூக்கைப் படம் பிடித்த கேமரா

மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தும் போகவில்லை, என் பாய்மரப் பலகையின் முனையில் நீ ஒட்டிவிட்டுப் போன அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் வில்லை. கேமரா மாட்டுவதற்கென்று, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒட்டினாய். இன்று காலை கத்தியால் சுரண்டிப் பார்த்தேன். விரல்தான் கிழிந்தது. கையெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றத்தோடு உன்னைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்கு அந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. கல்ஃபில் நாம் இருவரும் ஒரே ஓட்டலின் கடற்கரையில் பாய் கட்டிக் காற்றில் ஓட்டும் விண்ட்சர்ஃபிங் பலகைகளை வாடகைக்குக் கொடுத்தோம். வந்தவர்கள் போன பிறகு நாமே பாயைப் பிடித்து, விழுந்து விழுந்து படித்தோம். அப்போதெல்லாம் நீ காற்றைப் பார்த்தாய், தண்ணீரைப் பார்த்தாய். ஊர் திரும்பும்போது நான் பழைய பாயும் பலகையும் கார்கோவில் போட்டேன். நீயும் போட்டாய், கூடவே ஒரு பெட்டி நிறைய கிளாம்பும் ஸ்க்ரூவும் ஒட்டு வில்லையும்.

கடியப்பட்டணத்தில் மேற்கேயிருந்து கச்சான் காற்று நல்லபடி அடிக்கும். நான் வெகுதூரம் போய்த் திரும்பி வருவேன். நீ கரையில் குந்தியிருந்து ஸ்க்ரூ முறுக்கிக்கொண்டிருப்பாய். பாய்மர உச்சியில் ஒரு கேமரா, பலகையின் வாலில் ஒன்று, கையால் பிடிக்கும் பூம் கம்பில் ஒன்று. கம்பு வழுக்குகிறதென்று கிளாம்புக்கு அடியில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றுவாய். அதற்கு மேல் நைலான் கயிறு வேறு.

"கடலுக்குப் போறியா, கல்யாண வீடியோ எடுக்கப் போறியா?" என்று கேட்டால், "நீ சும்மா கெட மக்கா. நாளைக்கு நாம செத்தா பாக்கதுக்கு ஒண்ணு வேண்டாமா?" என்பாய். நீ கட்டி முடித்து எழும்போது காற்று விழுந்திருக்கும். அந்த வீடியோக்களை உட்கார்ந்து பார்த்தவர்கள் உன் மச்சினனும் நானும்தான். அவன் பாதியில் தூங்கிவிட்டான்.

பிறகு செத்தாய். கடல் உன்னை ஒன்றும் செய்யவில்லை. ஒரு காய்ச்சல் கொண்டுபோனது. அடக்கம் முடிந்த வாரம் உன் வீட்டுக்காரி ஸ்டெல்லா மெமரி கார்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு எடுத்து வந்தாள். கல்லறையில் பதிக்க உன் படம் வேண்டும். கல்யாணப் படத்தில் நீ யாரோ. விசாவுக்கு எடுத்த படத்தில் போலீஸ் பிடித்து வைத்தவன் மாதிரி முழிக்கிறாய்.

"முப்பதாம் நாள் பூசைக்கு முன்ன கல்லு வைக்கணும் அண்ணே. இவ்வளவு எடுத்தாருல்லா, இதுல நல்ல மொகம் ஒண்ணு இல்லாமலா போவும்?" என்றாள். அழுது வீங்கிய கண்ணைப் பார்த்து என்னால் மறுக்க முடியவில்லை.

ஒன்று விடாமல் பார்த்தேன். பாய்மர உச்சியிலிருந்து உன் வழுக்கை. வாலிலிருந்து உன் பின்புறம். பூமில் இருந்த கேமரா தாடைக்குக் கீழேயிருந்து பார்த்ததால் எங்கும் இரண்டு மூக்குத் துவாரங்கள். முகம் தெரிந்த இடங்களிலோ நாக்கைத் துருத்திக்கொண்டு, கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு, யாருக்கோ வேஷம் காட்டினாய். இதன் முன்னாலா அவள் பிள்ளைகளோடு நின்று மெழுகுவர்த்தி ஏற்றுவது? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டப்பாவோடு கடலில் வீசியிருப்பேன்.

கடைசிக் கார்டில் அது கிடைத்தது. பாயைத் தண்ணீரில் சாய்த்துவிட்டு நீ பலகையில் உட்கார்ந்து இளைப்பாறுகிறாய். பூமிலிருந்து கேமராவைக் கழற்றி மறுபக்கம் திருப்புகிறாய். திரும்பும் வழியில் அது உன் முகத்தை நேருக்கு நேர் கடக்கிறது. கேமராவை மறந்துபோன முகம், வாய் நிறையச் சிரிப்பு. அடுத்துத் திரையில் நான் வருகிறேன், பின்புறத்தைத் தள்ளிக்கொண்டு, பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டு. "பாத்துக்கிடுங்க மக்களே, கழுதைக்குப் பாய் கெட்டி விட்டிருக்கு!" என்கிறது உன் குரல். நான் தொப்பென்று விழுகிறேன். நீ மூச்சு முட்டச் சிரிக்கிறாய்.

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அழுகை வந்தது. உன்னை ஓங்கி ஒரு அறை விடவேண்டும் போலவும் இருந்தது.

அந்த முகத்தைக் கோட்டாற்றில் ஒரு ஸ்டுடியோவில் படமாக எடுத்துக் கொடுத்தேன். ஸ்டெல்லா அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "யாரப் பாத்து இப்பிடிச் சிரிக்காரு அண்ணே?" என்று கேட்டாள். "மாதாவப் பாத்திருப்பான்" என்றேன். அவள் அதை ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

இப்போதும் பாயைப் பிடித்து நிற்கும்போது கண் அந்த வில்லையில் விழும். சட்டென்று பின்புறத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறேன். கல்லறைத் திருநாளில் உன் படத்துக்கு முன்னால் பெண்கள் முக்காடு போட்டு நின்று, "அந்தச் சிரிப்பப் பாரு, மாதா தரிசனமாம்" என்று சிலுவை போடுகிறார்கள். நீ அவர்கள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்துச் சிரிக்கிறாய். கழுதை யாரென்று தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். வருஷா வருஷம் வந்து நிற்பேன். சிரித்துத் தொலை.