நாற்பது படி ஏறினால் இணையம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை. போனில் பேசலாமென்றால் சிக்னலுக்கு ஊர்த் தண்ணீர்த்தொட்டி மேல் ஏற வேண்டும், முழங்கால் விடவில்லை. அரசாங்கம் தன் செலவில் ஊருக்கெல்லாம் இணையக் கேபிள் போடுகிறது. நம் தெருமுனை வரை தோண்டி வந்தவர்கள் மண்ணை மூடிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். அந்தத் திட்டத்துக்கு வரைபடம் போடுகிறவன் நீதானே? "நெட் வந்தா வீட்டுலேருந்தே வேலை பாக்கறேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போய் நான்கு வருடம் ஆகிறது. உன் அறையை வாரம் தவறாமல் பெருக்குகிறேன். கொஞ்சம் கவனி.

உன் அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

கவனித்தேன். இணையம் இல்லாத தெருவுக்குத்தான் கேபிள். நம் தெருவில் எல்லா வீட்டிலும் இணையம் இருப்பதாகக் கணக்கெடுப்புப் படிவங்கள் சொல்கின்றன. எல்லாவற்றிலும் 'ஆம்' என்று டிக். எல்லாவற்றின் கீழும் உன் கையெழுத்து. என்ன செய்து வைத்தாய்?

தம்பி

மார்ச் 17

தம்பி,

இரண்டு நாளாகத் தையல் மெஷினில் உட்காரவே மனம் இல்லை. தைக்கத் துணி வராத வாரத்தில், கூலிக்கு வீடு வீடாக அந்தக் கணக்கெடுப்புக்குப் போனேன். இணையம் கிடைக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் கிடைக்கிறது என்றார்கள். தொட்டியின் நாற்பது படி ஏறினால் கிடைக்கத்தானே செய்கிறது? நானும் யோசிக்காமல் டிக் போட்டேன். நம் வீட்டுக்கு மட்டும் யோசித்துத்தான் போட்டேன். இவன் வீட்டில் இதுகூட இல்லையா என்று உன் ஆபீஸில் உன்னை மட்டமாக நினைத்துவிடக் கூடாதே. நீயே சத்தமில்லாமல் மாற்றிவிடேன்.

அக்கா

மார்ச் 23

அக்கா,

சொந்த அக்காவின் படிவத்தில் நான் கை வைக்க முடியாது. ஏப்ரல் 5 அன்று அதிகாரிகள் அங்கே மனு வாங்க வருகிறார்கள். எல்லோர் முன்னாலும் நீதான் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. எங்கள் வீட்டில் நெட் இல்லை என்று சொல்லித்தான் நேர்காணலில் இந்த வேலையையே வாங்கினேன்.

தம்பி

ஏப்ரல் 6

என் தங்கமே,

சொல்லிவிட்டேன்! மைக்கைப் பிடித்து, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். "அப்ப நெட் எங்கதாம்மா கிடைக்குது?" என்றார் பெரிய அதிகாரி. "ஏறுங்க சார், காட்டறேன்" என்று முழங்காலை மறந்து நானே முன்னால் ஏறினேன். பாதியில் அவருக்கு மூச்சு வாங்கியது. மேலே எதிர்வீட்டு நர்சிங் மாணவி ஒரு கையில் கம்பியையும் மறுகையில் போனையும் பிடித்துக்கொண்டு பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். இறங்கியதும், தெரு முழுக்க மறுபடி கணக்கெடுக்கச் சொன்னார். இந்த முறை வேறு ஆளை வைத்து.

அக்கா

ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

வந்துவிட்டது. நேற்றிலிருந்து நம் வீட்டு இணையப் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. எதிர்வீட்டுப் பெண் கட்டிலில் சம்மணம் போட்டுப் பாடம் கேட்கிறாள், அதை வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது. பெட்டியை உன் மேசைமேல்தான் வைக்கச் சொன்னேன். இனி உனக்குச் சாக்கு இல்லை. முகம் பார்த்துப் பேசக் கூப்பிடுவாய், தெரியும். நான் எடுக்க மாட்டேன். நேரில் வா.

அக்கா

ஜூன் 27

அக்கா,

ஏழு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நீ ஜெயித்தாய். வீட்டிலிருந்து வேலை பார்க்க இன்று அனுமதி கேட்டேன். அந்தப் படிவத்திலும் அதே கேள்விதான், வீட்டில் இணையம் உண்டா என்று. 'ஆம்' என்று டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டேன், உடனே அனுமதித்துவிட்டார்கள். நாளைக்குக் கிளம்புகிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்து சேர்ந்துவிட்டால், தபால்காரரிடம் இதை நானே வாங்குகிறேன். நானே படித்துக் காட்டுகிறேன்.

தம்பி