நாலு தடவை செத்தேன்

டெல்லி கண்டோன்மெண்ட்
9.10.1982

பிரியமுள்ள இன்பராணிக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். நீயும் பாப்பாவும் சுகமா? அம்மாவின் மூட்டுவலி குறைந்ததா?

ஒரு சந்தோஷ சமாச்சாரம். இங்கே எடுக்கும் இந்திப் போர்ப் படத்தில் எங்கள் பட்டாளத்தையே நடிக்க வைக்கிறார்கள். நேற்று நான் குண்டடிபட்டுச் சாகவேண்டும். விழுந்தேன். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். துப்பாக்கியில் மண் படக்கூடாது என்றே பழகிய கை, செத்த பிறகும் அதைத் தூக்கிப் பிடித்திருந்ததாம்.

"பையா, பொணம் துப்பாக்கியத் தூக்கிப் பிடிக்குமா?" என்று இந்தியில் கத்தினார்.

நம் ஊர்ப்பக்கத்து ஹவில்தார் பரமசிவம் அண்ணாச்சியோ, "லே, மண்ணுல மட்டும் போட்டுப் பாரு, அப்புறம் இருக்கு ஒனக்கு" என்றார்.

மூன்று தடவை இதே கதை. கடைசியில் மரத்துப்பாக்கி கொடுத்தார்கள்; உடனே செத்துவிட்டேன். பிறகு எழுந்து டீ குடித்தேன்.

கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்கவில்லை. கொஞ்சம் கருவாடும், பாப்பாவின் போட்டோவும் அனுப்பு. தபால்காரர் வந்துவிட்டார், முடிக்கிறேன்.

எனக்கு முன்னால் படம் திருநெல்வேலிக்கு வந்தாலும் வரும். அதில் பட்டாளத்தின் முன்வரிசையில் சிரித்துக்கொண்டு வருபவன் நான்தான். பாப்பா அப்பாவைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நான் விழுவதற்குள் அவளை வெளியே தூக்கிக்கொண்டு வந்துவிடு.

உன்
எலியேசர்