மூன்றாம் விதி: வாளி கூடாது

6.8.1990 திங்கள்

பள்ளிக்கூடத்தில் இன்று நானூற்றுப் பன்னிரண்டு பேர். அநேகர் ஷெல்லடிக்குத் தப்பிக் கரையோரக் குருநகரிலிருந்து வந்தவர்கள். இரண்டு மலகூடங்களும் நிரம்பி வழிகின்றன. நான் ஓய்வுபெற்ற சுகாதாரப் பரிசோதகர் என்று யாரோ சொல்லிவிட, பொறுப்பு என் தலையில். இந்தக் கொப்பியில் எழுதப்போகும் விதிகளும் கணக்கும், ஒழுங்குப்படி:

1. கிணறு: குளோரின் போட்ட அளவு.
2. குழிகள்: ஒன்றரை அடிக்குக் கீழே சுண்ணாம்புக்கல். வெடிப்பு வழியே எல்லாம் கிணற்றுக்குப் போகும். ஆகவே திடலுக்கு அப்பால், கல்லுடைத்த பள்ளத்தில் மட்டும். பள்ளிக்கூடத்திலிருந்து 330 அடி.
3. வாளி மலகூடம் எக்காரணத்தாலும் கூடாது. ஒருவர் கழிவை இன்னொருவர் தோளில் காவும் வழக்கத்தை ஒழிக்கவே முப்பத்தொரு வருடம் உழைத்தேன்.
4. வயிற்றோட்டக்காரர் எண்ணிக்கை.

பிழை இருக்குமோ? இரண்டு தரம் வாசித்துவிட்டேன்.

8.8.90

லூர்த்தம்மா என்ற மீனவப் பெண் வந்து நின்றாள்.

"ஐயா, எங்கடை கரையிலை எண்டால் கடல் கொண்டுபோகும். இஞ்சை திடலைக் கடக்கிறதுக்குள்ளை ஆமி ஹெலிக்காரனுக்கு என்ரை முகமே பாடமாப் போச்சு. பொம்பிளையளுக்கு உள்ளுக்கு ரண்டு வாளி வையுங்கோவன்."

மூன்றாம் விதியை வாசித்துக் காட்டினேன்.

"அந்தக் கொப்பியிலையோ நான் குந்தியிருக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. ஆனாலும் விதி விதிதான்.

11.8.90

வயிற்றோட்டம்: 17. நேற்று 9.

13.8.90 திங்கள்

பத்தரை மணிக்கு ஹெலி. லூர்த்தம்மாவின் மகள் யோசப்பின் வயிற்றோட்டக்காரி. காலையில் மூன்றாந்தரம் குழிக்குப் போனவள். திடல் நடுவில் ஒதுங்க ஒரு மரமில்லை. ஹெலியின் துப்பாக்கிச் சூடு அவளைத் தேடித் தேடி விழுந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. செம்பு மட்டும் உருண்டுபோய் நின்றது.

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். படியில் இறங்கவில்லை. ஏன் இறங்கேல்லை? கடவுளே.

லூர்த்தம்மா வந்து என் சேட்டுக் கழுத்தைப் பிடித்தாள். கையெல்லாம் இரத்தம்.

"அளந்தனியள்தானே? சொல்லுங்கோ ஐயா. என்ரை பிள்ளை எத்தினை அடியிலை கிடக்கிறாள்?"

நூற்றெண்பது என்று மனம் கணக்குப் பார்த்தது. அந்த நேரத்திலும் பார்த்தது.

14.8.90

யோசப்பினைப் புதைத்தாயிற்று. முகாம் தலைவர் பொன்னம்பலம் மாஸ்டர் கூட்டம் வைத்தார்.

"வாளி வைப்பம். தூக்க இராசாத்தி இருக்கிறாள்தானே. தேப்பன் நகரசபையிலை உதுதானே செய்தவன்."

சிலர் தலையாட்டினார்கள். அரிசி களைந்துகொண்டிருந்த இராசாத்தி எழும்பினாள்.

"என்ரை அப்பர் உங்கடை வீட்டாற்றை வாளியைக் காவினவர், மாஸ்டர். இப்ப நீங்கள் என்ரையைக் காவுங்கோ!"

மாஸ்டர் அறைந்தார். உதடு கிழிந்தது. அவள் சட்டியால் திருப்பி அடித்தாள். அவருடைய கண்ணாடி உடைந்தது. அவளுடைய மனுசன் அவர் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு நெரித்தான். பிள்ளைகள் கத்தின.

"நான் தூக்கிறன்" என்றேன். அந்தக் கத்தலில் ஒருவருக்கும் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

15.8.90

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் சாக்குத் தட்டி கட்டி, மூடியோடு எட்டு வாளி. மேலே சாம்பல். தடியில் கோத்து இரண்டு பேர் காவவேண்டும். எனக்குத் துணைக்கு ஒருவரும் வரவில்லை.

பிறகு லூர்த்தம்மா மறுபக்கத் தடியைத் தோளில் ஏற்றினாள். "தனியத் தூக்கினால் எல்லாத்தையும் ஊத்தப்போறியள்." என் முகத்தைப் பார்க்கவில்லை.

பாதி வழியில் ஹெலி. குப்புற விழுந்தோம். வாளி என் முதுகில் கவிழ்ந்தது. பக்கத்து மண்ணைச் சூடு கிளறிக்கொண்டு போனது. காதுக்குள் இன்னும் அந்த இரைச்சல்.

"போயிட்டான். எழும்புங்கோ," என்றாள். கழுவ அவளே தண்ணீர் அள்ளி ஊற்றினாள்.

19.8.90 ஞாயிறு

காவுகிறவர்களின் முறைப்பட்டியலை இராசாத்தி எழுதினாள். தன் வீட்டார் பெயரைக் கடைசியில் போட்டாள். இன்று பொன்னம்பலம் மாஸ்டர் முறை. உடைந்த கண்ணாடியோடு, மூக்கைச் சால்வையால் கட்டிக்கொண்டு வந்தார். இராசாத்தி வாசலில் நின்று அவர் போய்த் திரும்பும்வரை பார்த்தாள்.

முன்பு ஒரு நாளைக்கு நானூறு பேருக்கு மேல் திடலைக் கடந்தார்கள். இப்போது காவுகிற எட்டுப் பேர் மட்டும். வயிற்றோட்டம்: 12.

மூன்றாம் விதியை அடித்துவிட்டேன். அது பிழை. எட்டாந் திகதி, லூர்த்தம்மா கேட்டபோதே அடித்திருக்கவேண்டும்.