சட்டியில் போட்ட சீட்டு

நீ, நான், உபதேசியார் மணி, சபைச் செயலாளர் ஜாண்றோஸ், என் பேத்தி அனிஷா. அன்றைக்கு முகாம் அடுக்களைக்குள் நின்றது இத்தனை பேர்தான். வேறு யாராவது தானும் இருந்ததாகச் சொன்னால் அது பொய். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

நேற்று அனிஷா சபைப் பிள்ளைகளின் இந்த வருஷத்து வேதாகம முகாமை முடித்து வந்து, துப்பட்டாவைக் கழற்றி என் கட்டிலில் போட்டாள். தாள் கரிந்த மணம். நீ பக்கத்தில் வந்து நின்றது போல இருந்தது.

அன்று அவளுக்கு ஒன்பது வயது. நீயும் நானும் சமையலுக்குப் போயிருந்தோம். குளச்சல் கடலில் கால் நனைத்துவிட்டு வரும் பிள்ளைகள், மணல் ஒட்டிய காலோடு வசனம் ஒப்பிப்பார்கள், பிறகு தட்டோடு வந்து உன்னைத்தான் சுற்றுவார்கள். நான் கரண்டியை அளந்து போடுவேன். நீ அள்ளிப் போடுவாய்.

கடைசி நாள் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் தன் பாவத்தைச் சீட்டில் எழுதி மடக்கி மண்சட்டியில் போடும். யாரும் படிக்கக் கூடாது. முற்றத்தில் தீ மூட்டி எரித்துவிட்டுப் பாடுவார்கள். அன்று கோடைமழை பெய்து முற்றம் நனைந்துபோயிற்று. உபதேசியார் சட்டியை அனிஷாவின் கையில் கொடுத்து, நம் அடுப்பில் எரிக்கலாம் என்று கூட்டி வந்தார். பின்னாலேயே வந்த ஜாண்றோஸ், பிள்ளைகள் அப்படி என்ன பாவம் செய்திருக்கும், பார்ப்போமே என்று சிரித்துக்கொண்டு ஒன்றை எடுத்து விரித்தான். வேண்டாம் என்று உபதேசியார் சொல்லி முடிப்பதற்குள் சத்தமாகப் படித்துவிட்டான்.

‘எங்க அம்மா வரண்டாம்னு ஜெபம் பண்ணினேன்.’

அனிஷாவின் முகம் வெளுத்துப்போயிற்று. அவளுடைய அம்மா, என் மகள் ஷீபா, குவைத்தில் நர்ஸ். மூன்று வருஷம் கழித்து அடுத்த வாரம் லீவில் வர இருந்தாள். வந்தால் என்னிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய்விடுவாள் என்று பிள்ளைக்குப் பயம். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். அதனால்தானோ என்னவோ, எனக்கு வாய் எழும்பவில்லை. யாருடைய பிள்ளை என்று கண்டுபிடித்துத் தாய்க்குப் போன் போட வேண்டும் என்றான் ஜாண்றோஸ்.

நீ சோற்றுக் கையைத் துடைக்காமலே போய் அந்தச் சீட்டை வாங்கினாய்.

“அது நான் போட்ட சீட்டு செயலாளரே. எனக்கு எழுதத் தெரியாதுல்லா. ஒரு பிள்ளையைக் கொண்டு எழுதிச்சேன்.”

சொல்லிவிட்டு அடுப்பில் போட்டாய். அப்புறம் சட்டியையே கவிழ்த்தாய்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது, எதற்காக என் பேத்திக்காகப் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

“பொய்யில்லட்டி. எங்க அம்ம கிடையில கிடக்கும்போ, எனக்க வீட்டுக்கு வரண்டாம்னுதான் நான் ஜெபிச்சேன். இத்தனை வருசமா சொல்ல ஒரு இடம் இல்ல.”

ஜாண்றோஸ் அதை ஊர் முழுக்கச் சொன்னான். அந்த வருஷம் கோயில் அசன விருந்துக்கு அரிசி களைய உன்னை யாரும் கூப்பிடவில்லை. கை நோகாமல் சாப்பிடலாம் என்று சிரித்தாய். யார் யார் முகத்தைத் திருப்பினார்கள் என்று நான் எண்ணி வைத்திருக்கிறேன். நீ போய்ச் சேர்ந்த பிறகு, உன் அடக்கத்தில்கூட அவன் எழுந்து, தாயை வெறுத்து மனந்திரும்பிய சகோதரி என்று பேசினான். உன் மகன்கள் தலை குனிந்தார்கள். அனிஷா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவளைக் காட்டிக்கொடுக்கக் கூடாதே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் அனிஷாதான் பிள்ளைகளுக்கு டீச்சர். கடைசி நாள், அந்தச் சீட்டை எழுதியது தான்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். உன் பேரையும் சொன்னாள். பிறகு அவரவர் சீட்டை அவரவர் கையாலேயே தீயில் போடச் சொன்னாளாம். லீவில் வந்திருந்து, அவளைக் கூட்டிவரப் போன ஷீபா பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். மகளை ஏசுவாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஷீபா வீட்டுக்கு வந்து, குளித்து வந்த மகளின் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: “அப்போ எனக்கும் வர பயம்தான் மக்கா. நீ என்னைக் கண்டு பாட்டிக்க பொறத்த ஒளிஞ்சா நான் என்ன செய்வேன்?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். பத்து வருஷத்துக்குப் பிறகு, மறைக்க ஒன்றும் இல்லாமல் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றேன். உன் மகன்களையும் கூப்பிட்டுச் சொல்லியாயிற்று. பெரியவன் போனிலேயே அழுதான்.

இன்று சாயங்காலம் ஜாண்றோஸ் வந்தான். அனிஷாவின் தலையில் கை வைத்து, “எனக்கு அப்பமே தெரியும், பிள்ளைக்க முகம் வெளுத்தத கண்டேன்லா” என்றான். ஷீபா அவனுக்குக் காப்பி கொடுத்தாள். அனிஷா மன்னித்துவிட்டாளாம்.

முகத்தைத் திருப்பினவர்களை எல்லாம் நான் இன்றோடு விட்டுவிடுகிறேன், உனக்காக. உபதேசியாரையும் விட்டேன், அன்று வாயடைத்து நின்ற என்னையும் விட்டேன். ஆனால் அது உன் சீட்டு இல்லை என்று தெரிந்தே உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அப்படிப் பேசினானே, அந்த ஜாண்றோஸை விட மாட்டேன்.