நீ அமுக்க மறந்த கடிகாரம்

மாப்ள,

இன்று காலை செஸ் பையை உதறியபோது அந்த ஆட்டக் குறிப்புத்தாள் கீழே விழுந்தது. என்னுடையதை அன்றே கிழித்துப் போட்டுவிட்டேன். இது உன்னிடம் கேட்டு வாங்கியது. உன் கட்டைவிரல் கிரீஸ் கறை இன்னும் அதில் அப்படியே இருக்கிறது. வென்றது கறுப்பு என்று எழுதி, கீழே இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

சமயநல்லூர் டீக்கடை பெஞ்சில் நமக்குக் கடிகாரம் ஏது? லாரிப் பட்டறையிலிருந்து நீ வருவாய், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு நான். காயை நகர்த்திவிட்டு ஒரு வாய் டீ குடித்தால் அடுத்தவன் முறை. பன்னிரண்டு வருடம் அதுதான் நம் சட்டம்.

மதுரைப் போட்டியின் கடைசிச் சுற்றில் நம் இருவரையுமே எதிரெதிரே உட்காரவைத்தார்கள். எனக்கு வெள்ளை. ரேட்டிங்கில் உன்னைவிட முந்நூறு புள்ளி மேலே இருந்தேன். ஜெயித்தால் கோப்பை எனக்கு. பாதி ஆட்டத்தில் நீ குதிரையை நகர்த்தினாய். கடிகாரத்தை அமுக்கி உன் நேரத்தை நிறுத்தாமல், தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தாய். ஏன் மறந்தாய் என்று அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. யோசிப்பவன்போல நெற்றியைப் பிடித்துக்கொண்டு, பதினோரு நிமிடம் உன் நேரத்தை ஓடவிட்டேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

நீ கவனித்தபோது உனக்கு மிச்சம் நாலே நிமிடம். கடிகாரத்தை அமுக்கிவிட்டு, என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னாய்.

"ஓடுனது என் நேரந்தான மாப்ள, நீ எதுக்கு இம்புட்டு வேர்க்குற?"

அதன்பிறகு என் ஆட்டம் என் கையில் இல்லை. அவசரப்பட்டு யானையைப் பறிகொடுத்தேன். நீயோ அந்த நாலு நிமிடத்துக்குள் ஓரத்துச் சிப்பாயைக் கட்டம் கட்டமாக நடத்திப்போய் ராணியாக்கினாய். அடடா, என்ன ஆட்டம்! தோற்றவன் சொல்கிறேன், அதைவிட நல்ல ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. கடிகார விஷயத்தை நீ யாரிடமும் மூச்சுவிடவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "வா, டீ குடிக்கப் போவோம்" என்றாய்.

நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. புதிதாக யாரோடு ஆடினாலும் இந்தத் தாளை எடுத்துக் காட்டுகிறேன். "என் சிநேகிதன் என்னை அடித்த ஆட்டம்" என்று சொல்லும்போது எனக்கு அப்படியொரு பெருமை.

போன ஞாயிறு மேலூரில் எதிரே ஆடியவர் கடிகாரத்தை அமுக்க மறந்துவிட்டார். நான் விரலை நீட்டிக் காட்டினேன். கடைசியில் அவர்தான் ஜெயித்தார். வெளியே வந்ததும், "நீங்க சும்மா இருந்திருந்தா எனக்கு நேரம் போயிருக்கும்ல சார், ஏன் காட்டுனீங்க?" என்று கேட்டார்.

"ஒருதடவ சும்மா இருந்து பாத்துட்டேன்ணே" என்றேன்.